படம் மறந்து போகிறது, ஒரு காட்சி மட்டும் நிற்கிறது: ஏன்?

குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிற திருகோணமலை உப்புவெளித் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “சின்ன வயசில் பார்த்த படங்களில் கதை மறந்து போச்சு, நடிகர் பேர் மறந்து போச்சு, சிலதுக்குப் படத்தின் பேரே ஞாபகம் இல்லை. ஆனால் ஒரேயொரு காட்சி மட்டும் அப்படியே நிற்குது. அது ஏன் அண்ணா? அப்படி ஒரு காட்சியைத் திட்டம் போட்டு எடுக்க ஏலுமா?”

முதல் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதுக்கு, ஏலும், ஆனால் பெரும்பாலும் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வழக்கமாகச் சொல்லப்படுகிற பதில் ஒன்று உண்டு. நடிப்பு நல்லது, இசை நல்லது, உணர்ச்சி கூடுதல், அதனால் நிற்கிறது. பிழையில்லை. ஆனால் நல்ல நடிப்பும் இசையும் குடம் குடமாகக் கண்ணீரும் இருந்த எத்தனையோ காட்சிகள் தியேட்டர் வாசலில் சைக்கிளை எடுப்பதற்குள் மறந்து போயிருக்கின்றன. ஆகவே காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். ‘மூன்றாம் பிறை’ (1982) பார்க்காத ஒரு பொடியனிடம் அதன் கடைசி ரெயில் நிலையக் காட்சியை மட்டும் போனில் போட்டுக் காட்டுங்கள். அவனுக்குத் தெரிவது மழை, சேறு, புறப்படப் போகிற ரெயில், நொண்டிக்கொண்டு ஓடுகிற ஒரு மனிதன். அந்த மனிதன் தலையில் பானையை வைத்துக் குரங்காட்டம் ஆடுகிறான். பொடியன் சிரித்தால் கோபிக்காதீர்கள். அவன் பார்க்கிறது சிரிக்கக்கூடிய காட்சிதான்.

முழுப் படத்தையும் பார்த்தவனுக்கு விஷயம் வேறு. விபத்தில் நினைவு தப்பிச் சிறுபிள்ளை ஆகிவிட்ட ஒரு பெண், ஸ்ரீதேவி. அவளை ஊட்டிக்குக் கூட்டிவந்து, தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பள்ளிக்கூட ஆசிரியர் சீனு, கமல்ஹாசன். அவளைச் சிரிக்க வைக்க அவன் ஆடிக் காட்டியதுதான் அந்தக் குரங்காட்டம். பிறகு வைத்தியம் பலித்து அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. திரும்பும்போது இடையில் வந்த சீனு இல்லாமல் போகிறான். ரெயிலில் இருப்பவளுக்குத் தன்னை ஞாபகப்படுத்த அவனிடம் மிச்சம் இருப்பது அந்த ஆட்டம் ஒன்றுதான். ஆடுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன்.

அந்தக் காட்சியில் புதிதாக ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்னர் பார்த்த அதே ஆட்டம்தான் திரும்ப வருகிறது. முதல் வந்தபோது அது விளையாட்டு, இப்போது கெஞ்சல். இரண்டுக்கும் உள்ள தொடர்பு ரெயிலில் இருப்பவளுக்குத் தெரியாது, நிலையத்தில் நிற்கிற சனத்துக்கும் தெரியாது. அது என்ன ஆட்டம் என்று அறிந்தவர்கள் இரண்டே பேர்: சீனுவும், படம் பார்க்கிற நீங்களும். எழும்பி அவளிடம் சொல்ல வேண்டும் போல எங்களுக்கு இருக்கும், சொல்ல வழியில்லை. அந்தச் சொல்ல முடியாததைத்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறோம்.

என் பதிலின் சாரம் இதுதான். காட்சி நிற்பதற்கான காரணம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் இல்லை. அதற்கு முன்னர் இரண்டு மணித்தியாலமாகச் சேர்த்து வைத்ததில் பாதி இருக்கிறது. படத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை எங்களிடம் மட்டும் கொடுத்து வைத்ததில் மீதி இருக்கிறது. சீட்டுக் கட்டுகிற மாதிரி என்று வையுங்களேன். மாதாமாதம் கட்டினது பெரிதாகத் தெரியாது, மொத்தமாகக் கைக்கு வருகிற அன்றுதான் நெஞ்சு அடிக்கும். கிளிப் மட்டும் பார்க்கிற ஆள், சீட்டுக் கட்டாமல் காசு கேட்டு வந்து நிற்கிறவர்.

இந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா எங்கள் கிழக்கு மாகாணத்துக்காரர், மட்டக்களப்புக்குப் பக்கத்து அமிர்தகழி. இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு அவருக்கும் நடிப்புக்குக் கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. பள்ளிக்கூடப் பையனாகச் சுற்றுலா போன இடத்தில், ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் குவாய் நதிப் பாலத்துப் படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும், லீன் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை பெய்ததாகவும், அன்றைக்கே இயக்குநராவது என்று தீர்மானித்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1957இல் வெளிவந்த அந்தப் படத்தின் பாலம் கித்துல்கலையில் கட்டப்பட்டது. அந்த மழைக்கும் மூன்றாம் பிறை மழைக்கும் முடிச்சுப் போட எனக்கு நல்ல ஆசை. ஆதாரம் இல்லாததால் விடுகிறேன்.

அவர் ஒளிப்பதிவு செய்த இன்னொரு படம், மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ (1978). மலையில் விஞ்ச் என்கிற இழுவை வண்டி ஓட்டுகிற காளி, ரஜினிகாந்த். தங்கை வள்ளி மேல் உயிர். மேலதிகாரியாக வந்த இஞ்சினியர் மேல் கடுப்பு. பிறகு வேலையும் போகிறது, ஒரு கையும் போகிறது. கடைசியில் தங்கை அந்த இஞ்சினியரையே கட்டிக்கொள்ள ஊராரோடு புறப்பட்டுப் போகிறாள், வழியில் காளி நிற்கிறான். போனவள் திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிப்பிடிக்கிறாள். அவனுக்கு அது போதும். எல்லாரையும் விட நான்தான் அவளுக்குப் பெரிது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதே! தானே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கிறான். ஒப்படைத்துவிட்டு, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று இஞ்சினியரின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

வேறு ஆக்கள் எடுத்திருந்தால் காளி குமுறி அழுது மன்னிப்புக் கேட்டிருப்பான், இஞ்சினியர் தோளில் தட்டியிருப்பார், வணக்கம் போட்டிருப்பார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய் மறந்திருப்போம். மகேந்திரன் காளியை மாற்றவில்லை, ஒரு அங்குலம் மட்டும் நகர்த்தினார். இனி அந்த இரண்டு பேரும் மச்சானும் மச்சானுமாக ஒரு பந்தியில் எப்படி இருப்பார்கள் என்ற யோசனை எங்களுடையது. ரஜினியின் எத்தனையோ சண்டைக் காட்சிகளை மறந்தவர்கள் இதை மறக்கவில்லை.

முடியாமல் விட்டது நிற்கும் என்பதை 1927இல் புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். ஆக்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, சிலதை முடிக்க விட்டு, சிலதைப் பாதியில் நிறுத்தினார். பிறகு கேட்டபோது பாதியில் நின்றவைதான் கூடுதலாக ஞாபகம் வந்தன. பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா நேரமும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் அதற்குச் சாட்சி தேடி அலையத் தேவையில்லை. யுத்த காலத்தில் வீடியோ டெக்கையும் கசெட்டையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டில் தெரு முழுக்கக் கூடியிருந்து படம் பார்த்தவர்களைக் கேளுங்கள். கரண்ட் போய், ஜெனரேட்டரில் மண்ணெண்ணெயும் முடிந்து, கடைசி இருபது நிமிடம் பார்க்காமல் எழும்பி வந்த படங்களைப் பற்றி இன்றைக்கும் கதைப்பார்கள். முழுசாகப் பார்த்த படங்களைப் பற்றி அப்படிக் கதைப்பதில்லை.

இனி, தமிழ்ப் படம் இல்லாவிட்டாலும் இந்த விஷயத்தில் நான் முதலில் காட்டுகிற காட்சி ஒன்று. சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). வசதியான அயல்வீட்டுக்காரி, தன் பிள்ளையின் மணிமாலையை துர்கா திருடிவிட்டாள் என்று வந்து சத்தம் போடுகிறாள். துர்கா எடுக்கவில்லை என்கிறாள். தாய்க்கு அவமானம் தாங்கவில்லை, மகளை மயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள். அந்தச் சங்கதி அதோடு முடிந்த மாதிரிப் படம் போய்க்கொண்டே இருக்கும். பிறகு துர்கா காய்ச்சலில் செத்துப் போகிறாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படச் சாமான் கட்டுகிறது. தம்பி அப்பு தட்டின் மேலே கையை விட்டு ஒரு சிரட்டையை எடுக்கிறான். அதற்குள் அந்த மாலை.

அவன் ஒரு சொல் பேசுவதில்லை. தாயிடம் கொண்டு போய்க் காட்டுவதில்லை. ஓடிப்போய்க் குளத்துக்குள் எறிகிறான். பாசி விலகி ஒரு கறுப்பு வட்டம் தெரிகிறது, பிறகு பாசி மெல்ல மெல்லத் திரும்ப மூடுகிறது. ரே அந்த மூடுகிறதைக் காட்டுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். வேறு ஒருவர் மாலை தண்ணீரில் விழுந்ததும் வெட்டியிருப்பார்.

அக்கா திருடினாள், பொய்யும் சொன்னாள், தம்பி அதைச் சாகும்வரை வெளியே விடமாட்டான். இது அவனுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். மூன்றாம் பிறையில் நடந்த அதே வேலைதான். இரண்டு இயக்குநர்களும் எங்களை வேடிக்கை பார்க்க விடவில்லை, இரகசியத்தில் பங்கு தந்திருக்கிறார்கள்.

அதே படத்தில் துர்கா இறந்தது தெரியாமல் தகப்பன் ஊருக்குத் திரும்பி வந்து, மகளுக்கு என்று வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டுவார். தாய் உடைந்து கதறுகிறாள். ஆனால் அவள் குரல் கேட்காது. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்சத்தில் கத்தும். அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டதால் அழுகையை நாங்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீட்டு ஒப்பாரியைத்தான் போட்டுக்கொள்வோம். எங்கள் சீரியல்காரர்கள் இதற்கு நேர்மாறு. கதறல், அதற்கு மேலே வயலின், அதற்கு மேலே இடி.

காட்டாமல் விட்டதைப் பார்வையாளன் நிரப்புவான் என்பதற்கு ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் காட்சியை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஒரு நிமிடம்கூட இல்லாத கொலைக்கு 78 கமெரா நிலைகள், 52 வெட்டுகள். கத்தி உடம்பில் இறங்குவது கிட்டத்தட்டக் காட்டப்படவே இல்லை. இரத்தமாக ஓடியது சொக்லேட் பாணி. அப்படியிருந்தும் கத்தி ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. அங்கே இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் போட்ட அந்தக் கீறல் வயலினைக் கேட்டபிறகு மனதை மாற்றிக்கொண்டார். இசையை எப்போது போடலாம் என்பதற்கும் அது ஒரு பாடம்: காட்சி ஏற்கெனவே சொல்வதைத் திரும்பச் சொல்லாமல், கண்ணுக்குக் காட்டாததைக் காதுக்குக் கொடுக்கும்போது.

ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்த பழைய சோதனையும் இதே சங்கதிதான். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகம். அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். பார்த்த சனம் பசி, துக்கம், ஆசை என்று மூன்று நடிப்பைப் பாராட்டியதாம். நடித்தது சனம்தான்.

மூளைப் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், நீட்டாமல். 1994இல் லாரி காஹில், ஜேம்ஸ் மகாவ் என்பவர்களும் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாயும் மகனும் வீட்டிலிருந்து புறப்படுகிற ஒரு படக்கதை. ஒரு வகைக் கதையில் ஒன்றும் நடக்காது, மற்றதில் பிள்ளை வாகனத்தில் அடிபடும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அடிபடுகிற இடம்தான் கூடுதலாக ஞாபகம் இருந்தது. ஆனால் அட்ரினலின் வகை ஹோர்மோன்களின் வேலையைத் தடுக்கிற மாத்திரையை முன்னரே விழுங்கியவர்களுக்கு அந்த மேலதிக ஞாபகம் இல்லை. அதாவது, நெஞ்சு அடித்தால் மூளை ‘இதை எடுத்து வை’ என்று குறித்துக்கொள்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை எங்கே நின்றீர்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வதற்கும் அதே பொறிதான் காரணம். 1993இல் பிரெட்ரிக்சனும் கானமனும் ஆக்களுக்குச் சின்னப் படத்துண்டுகளைக் காட்டிப் பார்த்தார்கள். ஒரு துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பது பிற்பாடு சொல்கிற மதிப்பில் பெரிதாகச் சேரவில்லை. உச்சமும் முடிவும்தான் சேர்ந்தன. மூன்று மணித்தியாலப் படம் ஒரு காட்சியாகச் சுருங்குவது இப்படித்தான்.

நெஞ்சு அடித்தால் நிற்கும் என்றால் குண்டு வெடிக்கிற ஒவ்வொரு படமும் நிற்க வேண்டுமே? நிற்பதில்லை. அடிக்க வைக்கிறது எது என்பதில்தான் வித்தியாசம். ஊரில் உண்மையான வெடிச்சத்தத்தில் வளர்ந்தவனுக்குத் திரைக் குண்டு பெரிதாக ஒன்றும் செய்யாது.

எங்கள் நாட்டில் இன்னொரு விசேஷம்: நிறையக் காட்சிகளை நாங்கள் காண்பதற்கு முன்னரே கேட்டுவிட்டோம். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ ஓடிய காலத்தில், ஒரு படம் பட்டணத்துக்கு வந்து சேருவதற்குள் அதன் வசனத் துண்டுகள் தேத்தண்ணிக் கடை றேடியோ வழியாக எல்லாருக்கும் பாடம். காதால் கேட்ட காட்சிக்கு மனதில் ஒரு படம் வந்துவிடும். தியேட்டரில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அந்தத் தலைமுறை ஆக்கள் சிவாஜியின் காட்சிகளைப் பார்த்ததாகச் சொல்லும்போது பாதி கேட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களிடம் ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியில் கமெரா எங்கே நின்றது என்று கேளுங்கள், தெரியாது. வசனத்தைக் கேளுங்கள், மூச்சு விடாமல் வரும்.

‘திருவிளையாடல்’ (1965) தருமியும் அப்படித்தான் எங்களுக்குள் வந்தார். சிவராத்திரிக்குக் கோவில் வீதியில் வெள்ளைத் திரை கட்டி விடிய விடியப் படம் போட்டால் அதில் கட்டாயம் இது இருக்கும். நித்திரை தூங்கின ஆக்கள்கூட நாகேஷ் தனியாக நின்று ஆயிரம் பொன்னுக்காகப் புலம்பத் தொடங்கியதும் எழும்பி இருந்துவிடுவார்கள். பகிடி என்பது ஒரு காரணம். உண்மையான பிடி எங்கே என்றால், எதிரே வந்து நிற்பது சிவபெருமான் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், தருமிக்கு மட்டும் தெரியாது. பாட்டு இவருடைய சொந்தப் பாட்டுத்தானா, இவருக்கு உண்மையில் புலமை இருக்கிறதா என்று கடவுளையே குறுக்கு விசாரணை செய்கிறான் அந்தப் பரதேசி. மூன்றாம் பிறையில் அழ வைத்த அதே சூத்திரம் இங்கே சிரிக்க வைக்கிறது.

சுத்தமான பகிடிக் காட்சிகள் நிற்பதற்குக் காரணம் வேறு, அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழம் நிற்பது, கடைச் சில்லறை குறையும்போதும் கந்தோரில் பைல் தொலையும்போதும் நாங்கள் அதை எடுத்துச் சொல்வதால். பாவிக்கிற சாமான் துருப்பிடிக்காது.

இப்போது இன்னொரு பாலு மகேந்திரா படம். ‘வீடு’ (1988). சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படுகிற பாடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதில் தாத்தாவாக வருகிற சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டின வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாக வருகிறார். அறை அறையாக நடக்கிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை மட்டும். அவ்வளவுதான் காட்சி. கதையை முன்னுக்குத் தள்ளுகிற எதுவும் அதில் நடக்கவில்லை. ஆனால் படம் பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்தச் செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் குடும்பம் பட்ட அவமானம் முழுவதையும் நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கிழவர் தடவுவது சுவரை, எங்களுக்குத் தெரிவது அதன் விலை.

இந்தப் படத்தை ஒருமுறை இங்கே ஒரு வீட்டு முற்றத்தில், மதிலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். பார்த்தவர்களில் ஒரு அம்மா, 1990இல் படகேறி இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மற்றவர்கள் நடிப்பைப் பற்றிக் கதைத்தார்கள். அவர் கதைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “கிழவன் சுவரைத் தடவினது சரி தம்பி. நான் வந்து பார்க்கேக்க எங்கட வீட்டில சுவர் இருந்தது, கதவு நிலை இல்லை. கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். நிலை இருந்த ஓட்டையைத்தான் நான் தடவினன். உள்ளுக்க எருக்கலை என்ர உயரத்துக்கு நிண்டது.”

சென்னைப் பார்வையாளருக்கு அந்தக் காட்சி கட்டி முடிக்க முடியாத வீட்டைப் பற்றியது. இந்த அம்மாவுக்கு அது திரும்பி வந்து பார்த்த வீடு. பாலு மகேந்திரா இதை நினைத்து எடுத்திருக்க மாட்டார். ஆனால் கிழவரின் வாயில் ஒரு வசனத்தைப் போட்டிருந்தால், ‘என் பேத்தி கட்டின வீடு’ என்று ஒரு வரி சொல்ல வைத்திருந்தால், அந்த அம்மாவுக்கு உள்ளே வர இடம் இருந்திருக்காது. வெறுமனே விட்ட இடம்தான் ஒவ்வொரு ஊர் ஆளுக்கும் ஒவ்வொரு வாசல்.

இதே காரணத்தால் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்பட்டது. இலங்கைத் தாய் ஒருத்தி விட்டுப்போன பிள்ளை, வளர்த்த குடும்பத்தோடு அவளைத் தேடிச் சென்னையிலிருந்து இங்கே வருகிற கதை அது. எங்கள் பேச்சு என்று அவர்கள் பேசுகிற பேச்சு பல இடத்தில் காதில் இடறும், மாங்குளம் மாங்குளம் மாதிரி இருக்காது. குறை பிடித்துக்கொண்டே பார்ப்போம். ஆனால் கடைசியில் மழைக்குள் அந்தப் பிள்ளை பெற்ற தாயிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும்போது, ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்ற அந்தக் கேள்விக்கு நந்திதா தாஸ் பதில் சொல்ல மாட்டார். அந்த இடத்தில் குறை பிடிக்கிற ஆளும் வாயை மூடிவிடுவார். பதில் எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதும் தெரியும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். மனதில் நிற்கிற காட்சி, திரையில் ஓடின காட்சியாக இருக்க வேண்டும் என்றில்லை. பார்ட்லெட் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1932லேயே காட்டிவிட்டார், நாங்கள் ஞாபகத்தை அப்படியே எடுத்துப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம் என்று. காளி கட்டிப்பிடித்து அழுதது எவ்வளவு நேரம், மழை எப்போது தொடங்கியது என்று இரண்டு பேர் பந்தயம் கட்டினால், பெரும்பாலும் இரண்டு பேரும் தோற்பார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து நிறம் வெளிறின கசெட்டில் பார்த்தவர்களுக்கு ஊட்டியின் பச்சை இன்னும் சாம்பல்தான். அதனால் பழைய படத்தைத் திரும்பப் பார்க்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றினால் படத்தில் குற்றம் காணாதீர்கள். இத்தனை வருஷமாக நீங்களும் அதில் வேலை செய்திருக்கிறீர்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. திட்டம் போட்டு எடுக்க ஏலுமா?

எங்கள் ஊர்க் குறும்படங்களில் பொதுவாக எதிலே பாடுபடுகிறார்கள் என்று சொல்கிறேன். சுவாமி மலைக்கு மேலே ட்ரோன். கோட்டை வாசலில் மான் தலையைத் தூக்குவது ஸ்லோ மோஷனில். நிலாவெளியில் சூரிய உதயம். எல்லாம் வடிவுதான், சுற்றுலாச் சபைக்கு உதவும். கோணேசர் கோவிலைச் சுற்றி ட்ரோன் பறந்த எந்தக் குறும்படக் காட்சியும் என் மனதில் இல்லை. அந்த உயரத்தில் எனக்குத் தந்து வைக்க எந்த இரகசியமும் இல்லை.

நீங்கள் அனுப்பின கதையையே எடுப்போம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் கடந்து போய்வந்த ஒரு வயதான மனிதர், பல வருஷம் கழித்துப் பாலத்தைப் பார்க்க வருகிறார். உங்கள் எழுத்தில் அவர் பாலத்தின் நடுவில் நின்று பேரனிடம் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார், பின்னால் புல்லாங்குழல். பேச்சை முழுக்க எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் படத்தின் தொடக்கத்தில், பழைய காலத்துக் காட்சியில், பாதையில் ஏறுவதற்கு முன்னர் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கட்டும். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம், கமெராவும் கிட்டப் போக வேண்டாம். நடுவில் இன்னொருமுறை, மனைவியோடு போகும்போது, அவளும் கழற்றட்டும். பிறகு அதை மறந்துவிட்டுக் கதையைக் கொண்டு போங்கள். கடைசியில் பாலத்தின் தொடக்கத்துக்கு வந்ததும் அவர் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். பேரன் “என்ன அப்பப்பா, கால் நோகுதா?” என்று கேட்கிறான். அவர் “ஓம்” என்கிறார். வெட்டுங்கள்.

இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, மேலே சொன்ன எல்லாரும் செய்த வேலைதான். முன்னர் சாதாரணமாக ஒன்றைப் போட்டு வை, பின்னர் அதே ஒன்றைத் திரும்பக் கொண்டு வா, விளக்காதே. கடினம் முழுவதும் விளக்காமல் இருப்பதில்தான். எடிட்டிங்கில் இருக்கும்போது சனத்துக்கு விளங்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம் வரும், உடனே பழைய காட்சியைக் கறுப்பு வெள்ளையில் ஒரு செக்கன் காட்டத் தோன்றும். காட்டினால் சீட்டுக் காசை நீங்களே எடுத்துச் செலவழித்த மாதிரி.

விளங்குகிறதா இல்லையா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. இந்தக் கதையைப் பற்றி ஒன்றும் தெரியாத, சினிமாவில் ஆர்வமும் இல்லாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் ஒன்றும் கேட்காதீர்கள், எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து வீதியில் காணும்போது, அந்தப் படத்தில் என்ன ஞாபகம் என்று சும்மா கேளுங்கள். ‘செருப்பு’ என்று யாராவது ஒருவர் சொன்னால் காணும். ‘அந்தப் பாலம் வடிவா இருந்தது’ என்று எல்லாரும் சொன்னால் திரும்ப எடிட்டிங் மேசைக்குப் போங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பாலத்தில் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எடுப்பதாக இருந்தால் மைக்குக்கு நல்ல உறை போட்டுக்கொண்டு போங்கள். அந்த ‘ஓம்’ ஒன்றுதான் வசனம், அதுவும் கேட்காவிட்டால் பிறகு டப்பிங்கில் அந்தக் குரலைப் பிடிக்க முடியாது.